போறேன் என்று சொன்னவர்

தனசேகரன் வாத்தியார் செத்ததற்கு ஒரு சொல்தான் காரணம் என்று ஏனாத்தூர்க் காலனியில் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். நைஜீரியாவுக்குப் புறப்பட்ட அன்று, காஞ்சிபுரம் பஸ் நிலையத்தில், மனைவி கங்கையம்மாளிடம் "போயிட்டு வரேன்" என்று சொல்லாமல் "போறேன்" என்று சொல்லிவிட்டாராம். அதனால் போனவர் போனவர்தானாம். அந்தச் சொல்லை மாற்றிச் சொல்ல வைக்காமல் புருஷனைப் பஸ் ஏறவிட்டவள் கங்கையம்மாள். ஆகவே தாலியை அவளே அறுத்துக்கொண்டாளாம்.

மூடப்பேச்சு என்று தள்ளிவிட்டுப் போகலாம்தான். ஆனால் அந்தப் பேச்சு ஒரு பெண்ணைத் தினமும் குழாயடியில் நிற்க வைத்து அடிக்கிறது. அதனால் அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதை முதலிலிருந்து சொல்லவேண்டியிருக்கிறது.

அடுத்தவர் நிலத்தில் மண்வெட்டி பிடித்த கூலிக்காரருக்குப் பிறந்தவர் அவர். பாதிரிமார் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தார். மற்றப் பாடங்களை மதிப்பெண்ணுக்காகப் படித்தார். ஆங்கிலத்தை மட்டும் ஆசையாகப் படித்தார். காரணம் ஒரே ஒரு சொல். தமிழில் அவர் அப்பாவைப் பார்த்துப் பத்து வயதுப் பையன் "டேய்" என்பான். அந்தப் பையனைப் பார்த்து அப்பா "சாமி" என்று சொல்லவேண்டும். ஆங்கிலத்தில் யாராக இருந்தாலும் "யூ".

"நிலத்துக்காரரையே யூன்னு கூப்புடலாம்பா, அடி விழாது" என்று நண்பன் ஸ்ரீபாலனிடம் சொல்வார். "ஏன் தெரியுமா? அவருக்குப் புரியாது."

ஸ்ரீபாலன் திருப்பருத்திக்குன்றத்துச் சமணர், விவசாயக் குடும்பம். ஆசிரியர் பயிற்சியில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. படிப்பு முடிந்ததும் ஸ்ரீபாலனுக்கு உடனே வேலை கிடைத்தது. தனசேகரன் காஞ்சிபுரத்துப் பள்ளிக்கூடங்களின் படிகளை ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு இடத்திலும் முதலில் ஊரைக் கேட்டார்கள். பிறகு, "ஊர்ல எந்தப் பக்கம்?" என்றார்கள். அதற்குப் பிறகு கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

1967இல் எத்தியோப்பியாவுக்கு ஆங்கில ஆசிரியர் வேண்டும் என்று சென்னையில் நேர்முகம் நடந்தது. அவர்களும் ஊரைக் கேட்டார்கள். எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. அதிலேயே பாதி மயங்கிப்போய்க் கையெழுத்துப் போட்டார்.

போன இடம் மலைமேல் ஒரு சின்ன ஊர். குளிர், புழுதி, கழுதைகள். அவர் வகுப்புக்குள் நுழைந்ததும் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். முதல் நாள், தமக்குப் பின்னால் வேறு யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாராம். அதற்காக அந்த நாட்டைச் சொர்க்கம் என்று எண்ணிவிட வேண்டாம். அங்கேயும் உழுதவன் விளைச்சலைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டுபோய் நிலத்துக்காரன் வீட்டில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பினான். ஏனாத்தூரில் பிறந்தவருக்கு அதைப் புரிந்துகொள்ள மொழி தேவைப்படவில்லை.

முதல் வருடம் ஒரு நாள் மாலை, மணி அடித்ததும் பிள்ளைகள் எழுந்து நின்று, விடைபெறும்போது ஆங்கிலத்தில் என்ன சொல்லவேண்டும் என்று கேட்டார்கள். "குட்பை" என்று சொல்லிக் கொடுத்திருக்கலாம். 'காட் பீ வித் யூ' என்பது தேய்ந்து வந்த அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே கடவுள் உட்கார்ந்திருப்பார். அது வேறு கதை. தனசேகரனின் வாய் தானாக வீட்டு வழக்கத்துக்குப் போய்விட்டது. "சார், வீ வில் கோ அண்ட் கம்" என்று சொல்லச் சொன்னார். போயிட்டு வரோம் சார். காஞ்சிபுரத்தில் பேசத் தெரிந்த குழந்தை இதைச் சொல்லாமல் வாசற்படி தாண்டாது.

அதைக் கேட்ட அமெரிக்க ஆசிரியர் ஒருவர், "எங்கே போகிறார்கள், எதற்கு வருகிறார்கள்?" என்று சிரித்தார். அப்போதுதான் இவருக்குப் பிழை உறைத்தது. திருத்தலாம் என்று பார்த்தால், அதற்குள் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது. பிள்ளைகளுக்கும் பிடித்திருந்தது. விட்டுவிட்டார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விடுமுறையில் ஊருக்கு வந்து, கங்கையம்மாளிடம் "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போகும்போது, அங்கே மளிகைக் கடைக்காரன்கூட அவருக்கு "கோ அண்ட் கம்" என்று சொல்ல ஆரம்பித்திருந்தான்.

1974இல் ராஜாவை இறக்கினார்கள். மாணவர்கள் தெருவில் ஆடினார்கள். ராஜாவை இறக்கிய பட்டாளத்துக்காரர்கள் அவர் நாற்காலியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். உழுதவனுக்கு நிலம் வந்தது, உண்மைதான். "அப்படியானால் எங்களுக்கு ஓட்டு எங்கே?" என்று கேட்ட பிள்ளைகளுக்குத் துப்பாக்கிக்குண்டு வந்தது. புரட்சி என்ற நல்ல சொல்லை இப்படிக் கொன்றவர்களை மன்னிக்க முடியாது.

1977இல் ஒரு காலை, பள்ளிச் சுவரில் ஒரு துண்டறிக்கை ஒட்டியிருந்தது. வெளிநாட்டாரும் படிக்கட்டும் என்று அதை ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். கொல்லப்பட்டவர்களின் பெயர்கள், பிறகு, "எங்களையும் கொண்டுபோவார்கள்." கடைசியில், "வீ வில் கோ அண்ட் கம்."

பட்டாளத்து அதிகாரி தனசேகரனைக் கூப்பிட்டு அனுப்பினார். வெளிநாட்டில் படித்தவர், நல்ல ஆங்கிலம். காப்பி வரவழைத்தார். தாளை மேசைமேல் வைத்துக் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"எந்த வெள்ளைக்காரனும் இப்படி எழுதமாட்டான். எங்கள் மொழியிலும் இப்படி இல்லை. யார் எழுதியது, மாஸ்டர்?"

யார் எழுதியது என்று தனசேகரனுக்குத் தெரியும். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஸெனபெச் என்ற பெண், கடைசி வகுப்பு. எட்டு என்ற எண்ணைப் போல 'ஜி' போடுவாள். எத்தனையோ முறை சிவப்பு மையால் சுழித்திருக்கிறார். மழையாகப் பெய்தாள் என்று அவள் பெயருக்கே அர்த்தம். அவள் பெயரைச் சொன்னால் அன்றிரவே அவள் இருக்கமாட்டாள். தெரியாது என்று சொன்னால் நோட்டுப் புத்தகங்களைக் கொண்டுவரச் சொல்வார்கள். ஆகவே ஒரு கணக்குப் போட்டார். எல்லாருக்கும் பொதுவான பிழை என்றால் அது யாருடைய பிழையும் ஆகாது அல்லவா?

"இது என் பிழை, சார். என் ஊர்ப் பேச்சு. என்னிடம் படித்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள்."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

அதிகாரி கைகுலுக்கி நன்றி சொன்னார். இவர் ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியோடு வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் காலை லாரி வந்து கடைசி வகுப்பை அப்படியே ஏற்றியது. துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு ஒருத்தி யார் என்று தேடும் சிரமம் எதற்கு? எல்லாரும் என்று வாத்தியாரே சொல்லிவிட்டாரே. தனசேகரன் வராந்தாவில் நின்றார். லாரியின் பின்பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸெனபெச் அவரைப் பார்த்தாள். மணி அடித்ததும் எழுந்து சொல்லும் அதே குரலில் சொன்னாள்: "சார், வீ வில் கோ அண்ட் கம்."

சிலர் திரும்பி வந்தார்கள். அவள் வரவில்லை.

அந்தக் கல்வியாண்டு முடிந்ததும் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பினார். நல்ல வேலையை ஏன் விட்டாய் என்று கேட்காதவர் இல்லை. அங்கே சண்டை என்பார், அதோடு சரி. கங்கையம்மாளுக்கும் அதே பதில்தான். ஸ்ரீபாலனிடம் மட்டும், வேகவதி ஆற்று மணலில் உட்கார்ந்து, ஒரு சாயங்காலம், நடந்ததை எல்லாம் சொன்னார். பொழுது சாய்ந்தபின் சாப்பிடாத குடும்பம் ஸ்ரீபாலனுடையது. சூரியன் இறங்கியதை அன்று அவர் கவனிக்கவில்லை. ராத்திரி பட்டினியாகப் படுத்தார்.

"துப்பாக்கி புடிச்சவன் செஞ்ச பாவத்துக்கு நீ ஏம்பா செமக்குறே?" என்றார் ஸ்ரீபாலன். "தப்பு உன்னுது இல்ல."

"இங்லீஷு தப்பு என்னுதுதானே?" என்றார் தனசேகரன்.

அதற்குப் பிறகு அவர் யாரிடமும் போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. கடைக்குப் போனாலும் பேசாமல் எழுந்து போவார். திமிர் என்றார்கள்; வெளிநாட்டுக் காசு பேசுகிறது என்றார்கள்.

வெளிநாடே வேண்டாம், ஊரிலேயே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தார். காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆங்கில ஆசிரியர் வேண்டும் என்று தெரிந்து போனார். பத்து வருட அனுபவத்தைப் புரட்டிப் பார்த்த செயலாளர் முகம் மலர்ந்தார். பிறகு ஊரைக் கேட்டார். பிறகு பக்கத்தைக் கேட்டார்.

"பெரிய வகுப்புக்கு ஆள் பாத்துட்டோம் சார். ஆனா ஒண்ணு, அரிஜன் ஹாஸ்டலுக்கு வார்டன் தேடிக்கினு இருக்காங்க, நான் சொல்றேன். அங்க எல்லாம் உங்க புள்ளைங்கதானே? உங்களுக்கும் மனசு ஒட்டும்."

ஹாஸ்டல் வேலை இழிவானதல்ல. அதை எடுத்து நீட்டிய கை இழிவானது. ஓர் அரசனும் ஒரு பட்டாளமும் ஆண்ட நாட்டில் ஆசிரியராக இருந்தவருக்கு, ஓட்டுப் போட்டு ஆளும் நாட்டில், தான் பிறந்த ஊரில், ஒரு கரும்பலகை கிடைக்கவில்லை. இதையும் ஒரு கொலை என்றுதான் நான் எழுதுவேன். ரத்தம் வராததால் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

நைஜீரியாவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. எழுதிப் போட்டார். 1978இல் உத்தரவு வந்தது.

பஸ் நிலையத்தில் முகூர்த்தப் பட்டு வாங்க வந்த கூட்டம். மூட்டையும் முடிச்சுமாக நெருக்கித் தள்ளுகிறார்கள். தனசேகரன் பெட்டியை மேலே ஏற்றிவிட்டுக் கங்கையம்மாள் பக்கம் வந்தார்.

"போறேன்" என்றார்.

"இன்னா வாத்தியாரே, இங்லீஷு படிச்சி தமிழு மறந்துட்ச்சா? போயிட்டு வரேன்னு சொல்லு" என்று சிரித்தாள் அவள். கூட வந்திருந்த பக்கத்து வீட்டுப் பட்டம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அவர் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. கங்கையம்மாளின் சிரிப்பு நின்றது.

"சொல்லிட்டுப் போயா. ஒரு வார்த்த. எனுக்காவ சொல்லு."

கண்டக்டர் விசில் கொடுத்தார். தனசேகரன் அவள் கையை ஒருமுறை அழுத்திப் பிடித்துவிட்டு ஏறிக்கொண்டார். புருஷன் பெண்டாட்டி கையைப் பொது இடத்தில் பிடித்ததையும் பட்டம்மாள் பிறகு ஊருக்குச் சொன்னாள்.

அடுத்த வருடம் நைஜீரியாவில் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும் வழியில் அவர் வந்த வண்டிமேல் ஒரு லாரி மோதியது. அதன் பிரேக் பழுது. அங்கேயே புதைத்துவிட்டார்கள். பழுதான பிரேக்கோடு லாரியை ரோட்டில் விட்டவனை விட்டுவிட்டு, காலனி ஒரு தமிழ் வினைச்சொல்லைக் குற்றவாளி ஆக்கியது. அப்புறம் அந்த வினைச்சொல்லையும் விட்டுவிட்டுக் கங்கையம்மாளைப் பிடித்துக்கொண்டது. "சொல்ல வெச்சி இருந்தா வந்து இருப்பாரு" என்றார்கள். அவளும் அதை நம்பினாள். அதுதான் கொடுமை. சாப்பாட்டை விட்டாள். நிழலோடு பேசுகிறவளைப் போல "சொல்லிட்டுப் போயா, சொல்லிட்டுப் போயா" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

ஸ்ரீபாலனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வந்தார். மணலில் கேட்டதை ஒன்று விடாமல் அவளிடம் சொன்னார்.



"எங்கிட்ட ஏண்ணா சொல்லல?"

"சொல்ல வாய் வரலமா அவனுக்கு."

"அந்தப் பொண்ணு, போயிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தானே போச்சி?"

"ஆமாம்மா."

"வந்துச்சா?"

"வரல."

கங்கையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணோட அம்மாகிட்ட, அந்தூருப் பட்டம்மா இன்னா சொல்லி இருப்பா?"



குழாயடிப் பேச்சு இன்னும் நிற்கவில்லை. கங்கையம்மாள் குடத்தோடு போகிறாள், வரிசையில் நிற்கிறாள், தண்ணீர் பிடிக்கிறாள். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது மட்டும், பட்டம்மாள் முகத்தை நேராகப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி, தினமும் சொல்கிறாள்:

"போறேன்."