கறுப்புப் பந்தில் பட்ட சட்டைக்கை

பத்து வருஷம் நான் மார்க்கராக இருந்தேன். மதுரையில் வெள்ளைக்காரர்கள் கிளப்பில் ஸ்நூக்கர் மேஜையருகே நின்று புள்ளி சொல்வதும், துணைக்கு ஆளில்லாத துரைகளோடு சம்பளத்துக்கு ஆடுவதும்தான் மார்க்கர் வேலை. எந்தத் துரையிடம் எவ்வளவு வித்தியாசத்தில் தோற்கவேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. இன்னொரு வழக்கமும் உண்டு. ஆடும்போது சட்டைக்கை பந்தில் பட்டால் அது தப்பாட்டம், எதிராளிக்குப் புள்ளி. துரையின் கை பட்டால் மட்டும் மார்க்கர் அந்த நேரம் குனிந்து தன் கோலின் நுனிக்குச் சாக்கட்டி தேய்த்துக்கொண்டிருப்பான். பார்க்காததற்கு யார் புள்ளி சொல்வது?

பிறகு ஊர்க்காரர்கள் சேர்ந்து ஸ்நூக்கர் சங்கம் ஆரம்பித்தபோது என்னைக் காரியதரிசி ஆக்கினார்கள். கோட்டு மாட்டிக்கொண்டதும் பயம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. எங்களுக்கென்று மேஜை கிடையாது. கிளப் தலைவரான மில் துரையிடம் நடையாய் நடந்து, முதல் போட்டிக்கு அவர்கள் மேஜையைக் கேட்டு வாங்கினேன். துரையும் ஆடினார், இறுதி ஆட்டம்வரை வந்தும்விட்டார். எதிரில் பசுமலை வாத்தியார் ஒருவர். நடுவர் நான்.

ஆட்டத்துக்கு முன் வாத்தியார் என் பக்கத்தில் வந்து, "அண்ணே, தோத்தாலும் சரி, ஒழுங்கா நடந்துச்சுன்னு தெரிஞ்சா சந்தோசமா வீட்டுக்குப் போயிருவேன்" என்றார்.

கடைசியில் துரை மூன்று புள்ளி முன்னால் இருந்தார். கறுப்புப் பந்து மட்டுமே பாக்கி. அதில் தப்பாட்டம் ஆனால் எதிராளிக்கு ஏழு புள்ளி, ஆட்டமும் அத்தோடு சரி. துரை எட்டிக் குனிந்தார். சட்டைக்கை கறுப்பில் உரசியது. பந்து ஒரு நெல்மணி அளவு நகர்ந்தது.

என் கை தானாகவே கோட்டுப் பையில் சாக்கட்டியைத் தேடியது. வாயைத் திறந்தால் மேஜை போச்சு, சங்கம் போச்சு, நானும் போச்சு. வாத்தியார் மேஜையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பாட்டம்" என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

துரை கோபப்படவில்லை. வாத்தியாருக்குக் கை கொடுத்தார். அப்பாடா என்று நான் மூச்சுவிடப் போகையில் என் பக்கம் திரும்பி, மில்லில் பழகிய தமிழில் மெதுவாகக் கேட்டார்: "பத்து வருஷம் உன்கூட ஆடினேன். அப்ப ஒருநாள்கூட என் கை படலையா?"

"பட்டிருக்குங்க தொரை."

"அப்ப நான் ஜெயிச்சதெல்லாம்?"

சங்கத்துக்கு மேஜை எப்போதும் உண்டு என்று சொல்லிவிட்டு அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் அந்த மேஜைப் பக்கம் வரவே இல்லை.