கல்முனைக் கடலில் நாற்பது செய்திகள்

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு நேரடிச் சோதனை செய்து காட்டாவிட்டால் என் நிரலை நீக்கிவிடுவோம் என்று மென்பொருளைப் பராமரிப்பவர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. இரண்டு வருட உழைப்பு. அதனால்தான் போன வைகாசியில் கல்முனைக்குப் போனேன். ஊர் பார்க்க அல்ல.

திறந்த மூல இயங்குதளம் ஒன்றின் கேர்னலில், அதாவது அதன் அடித்தளத்தில், வானொலி வழியே செய்தி அனுப்பும் முறையொன்றை எழுதியிருந்தேன். செய்தியைச் சிறு பொதிகளாக வெட்டி ஒவ்வொன்றிலும் விலாசம் எழுதிவிட்டால், கோபுரம் இல்லாத கடலிலும் படகுக்குப் படகு தாவிப் போய்ச் சேரும். காகிதத்தில் சேர்ந்தது.

புதன் காலை 9.15க்கு மட்டக்களப்பில் பஸ் ஏறினேன். ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர், ரூபா 220. ஒன்றேகால் மணித்தியாலம் என்றார்கள், ஒன்றேமுக்கால் ஆனது. என் அன்டெனாவைப் பார்த்த நடத்துனர், "இதென்ன தங்கச்சி, தூண்டில் தடியா?" என்று கேட்டுவிட்டு அதற்கும் அரை டிக்கட் போட்டார். கல்முனையிலிருந்து மருதமுனைக் கடற்கரைக்கு ஆட்டோ ரூபா 500. நாலு கிலோமீட்டருக்கு அது அநியாயம்.

தங்கியது றஹ்மா ராத்தா வீட்டில். இந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அக்காவை ராத்தா என்பார்கள், அண்ணனைக் காக்கா என்பார்கள். கணவர் ஜௌபருக்கு மூன்று பைபர் போட்டுகள், அதாவது கண்ணாடியிழைப் படகுகள். கரையிலிருந்து வானொலியில் அவற்றோடு கதைப்பது ராத்தாவின் வேலை.

"நாளைக்கே பாருங்க புள்ள. வெள்ளிக்கிழம ஜும்ஆத் தொழுகை, போட்டு ஒண்டும் இறங்காது," என்றார். ஒரு நாள் கையில் இருக்கிறது என்று நிம்மதியாக வந்தவள், உடனே பையைத் திறந்து கணினிகளை வெளியே எடுத்தேன்.

வியாழன் காலை ஐந்தரைக்கு மூன்று போட்டுகளும் என் சிறு கணினிகளோடு கடலில் இறங்கின. ஏழு மணிக்கு ராத்தாவின் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் தொடங்கினேன். தூரத்துப் போட்டுக்கு நாற்பது செய்தி அனுப்பினால் ஒன்பதுக்குத்தான் மறுமொழி. மறுபடி நாற்பது, ஏழு. சீ! கணினியைத் திட்டினேன், காற்றைத் திட்டினேன்.

தேத்தண்ணி கொண்டுவந்த ராத்தா திரையை எட்டிப் பார்த்தார்.

"இந்தச் சிவப்பு வரியெல்லாம் என்ன?"

"நடுப் போட்டு வழியா அனுப்பினது. மறுமொழி வேற போட்டு வழியா வந்திருக்கு. அதான் என் நிரல் தள்ளிவிட்டிருக்கு."

"வந்த மறுமொழியையா தள்ளினீங்க?"

"போன வழியால வந்தாத்தானே நம்பலாம்?"

"அல்லாஹ்வே! நடுப் போட்டு இந்நேரம் மீனுக்குப் பின்னால போயிருக்கும். நான் ஒருத்தன்ட சேதி செல்லி விடுவன், மறுமொழிய எந்தப் போட்டுக்காரன் செல்றானோ அவன்ட வாயால கேப்பன். கடல்ல அப்புடித்தான்கா."

அந்தக் கட்டுப்பாட்டை எழுதியது நான்தான். பாதுகாப்பு என்று பெருமையும் பேசியிருக்கிறேன். பொதிகளாக வெட்டுவதே ஒவ்வொன்றும் கிடைத்த வழியில் போகத்தான். அதைப் படித்துப் பட்டம் வாங்கிய நானே பூட்டுப் போட்டிருந்தேன். அனுப்பியவரின் கையொப்பத்தைப் பார்க்கும் வசதி ஏற்கெனவே இருந்ததால் அந்தப் பூட்டு தேவையே இல்லை. வெட்கமாக இருந்தது.

பதினொரு வரிகளை அழித்து, மறுபடி தொகுத்து என் கணினியில் ஏற்றியபோது மணி 10.50. பதினொன்றரைக்குப் போட்டுகள் கரைக்குத் திரும்பிவிடும். நாற்பது செய்தி அனுப்பினேன். முப்பத்தெட்டு மறுமொழி! கத்தியே விட்டேன்.

"மத்த ரெண்டும் எங்க?" என்றார் ராத்தா.

முடிவுகளை, நடந்த கதையோடு, மாலை நாலு மணிக்கு அனுப்பிவிட்டு மறுநாள் ஊர் திரும்பினேன். இப்படி ஏதாவது சோதனைக்குப் போகிறவர்கள் திங்கள், செவ்வாயில் போங்கள். ஆட்டோவுக்கு ஏறுமுன்பே விலை பேசுங்கள். உப்புக்காற்றுக்குக் கணினியைப் பொலித்தீனில் சுற்றுங்கள். முக்கியமாக, அங்கே வானொலியில் கதைப்பவர்களிடம் முதலில் கேளுங்கள், பிறகு எழுதுங்கள். நான் தலைகீழாகச் செய்தேன்.

ஞாயிறன்று பதில் வந்தது: நிரல் இருக்கட்டும், பிழையைக் கண்டவர் பெயரை எழுதி அனுப்பு. திருத்தத்தோடு அந்தப் பெயரும் நிரந்தரமாகப் பதிவாகும். அது கேர்னல்காரர் வழக்கம். பிழையைச் செய்தவர் பெயர் ஏற்கெனவே அங்கே இருந்தது, என்னுடையது. ராத்தாவுக்குத் தொலைபேசி எடுத்து, ஜௌபர் காக்காவின் பெயரையும் சேர்க்கட்டுமா என்று கேட்டேன்.

"அவரு அந்நேரம் கடல்ல," என்றார். "கண்டது நான். எண்ட பேர மட்டும் போடுங்க."