கடம்பாவின் கண்

கடம்பா என்கிற கணவாய் மீனின் கண்ணைப் பற்றிப் பேசுவதற்கு ஏசி அறையும், கேட்க வருபவர்களுக்குச் சமோசாவும் உண்டு என்று தெரிந்தபோது அம்மாவால் நம்பவே முடியவில்லை. அவளுடைய தங்கை, என் சித்தி, விலங்குகளுக்குக் கண் எப்படி உருவாகி வந்தது என்று பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்துகொண்டிருந்தாள். அம்மா கடம்பா ஆய்ந்து கண்ணைத் தூரப் போட்டால் சண்டைக்கு வருவாள். அன்று அவளுடைய முதல் கருத்தரங்கு.

"நீ பேசறப்போ நம்ம ஊட்லேர்ந்து ஒருத்தராச்சும் குந்திகினு இருக்க வேணாவா?" என்று அயனம்பாக்கத்திலிருந்து அம்மா கிளம்பிவிட்டாள். ஏழு வயதான நான் சமோசாவுக்காகக் கிளம்பினேன்.

அப்போது வீட்டில் எனக்கு நல்ல பெயர் இல்லை. வலப்பக்கம் எதை வைத்தாலும் தட்டிவிடுவேன். "கண்ணு இன்னா பொடனிலயா கீது?" என்று அம்மா அந்த வலது கையிலேயே ஓர் அடி வைப்பாள். அன்று காலையும் காப்பியைக் கவிழ்த்து, வாங்கிக்கொண்டுதான் ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.

சித்தி இங்கிலீஷில் பேசினாள். அம்மா ஒன்றும் புரியாமல், பெருமை தாங்காமல் தலையாட்டிக்கொண்டிருந்தாள். பிறகு எல்லோருக்கும் ஓர் அட்டை கொடுத்தார்கள். அதில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி, வலப்பக்கம் ஒரு கரும்புள்ளி.

கடைசி வரிசையில் இருந்த எங்களுக்காகச் சித்தி தமிழுக்கு மாறினாள். "நம்ம கண்ணுல பார்வையே இல்லாத ஒரு சின்ன எடம் இருக்கு. கடம்பாவுக்கு அது கெடையாது. இடது கண்ண மூடிகினு கூட்டல் குறிய மட்டும் பாருங்க. அட்டைய மெதுவா கிட்ட கொண்டாங்க. புள்ளி மறஞ்சதும் கையத் தூக்குங்க."

பேராசிரியர்கள்கூடக் குழந்தைகள் மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டார்கள். எல்லோருக்கும் முன்னால் நான் கையைத் தூக்கிவிட்டேன்.

"சித்தி, எனக்குப் புள்ளி மட்டும் இல்ல, அட்டையே காணோம்! நீயும் காணோம்!"

அரங்கமே சிரித்தது. ஜெயித்துவிட்ட மிதப்பில் நானும் சிரித்தேன். சித்தி சிரிக்கவில்லை. மைக்கை வைத்துவிட்டு என்னிடம் வந்து, என் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்தினாள்.

"எத்தினி வெரலு, பாப்பா?"

"வெரலா? பொக மாதிரிதான் கீது."

"எப்பலேர்ந்து?"

"எப்பவுமே. அது ஸ்டெப்னி கண்ணுதானே?"

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அப்பாவின் ஆட்டோவுக்கு இருப்பதுபோல எல்லோருக்கும் பார்க்க ஒரு கண்ணும் உபரியாக ஒன்றும் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சித்தி நாற்காலிகளுக்கு நடுவே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தினி வருசமா கடம்பா கண்ணயே பாத்துகினு இருந்தேனேக்கா. இவ கண்ணப் பாக்கலியே."

பிறகு அந்தக் கண்ணுக்கு எவ்வளவோ வைத்தியம் பார்த்தார்கள். இன்றும் அதற்குப் புகைதான் தெரிகிறது.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. யாரும் தொடாத சமோசாக்கள் ஒரு பொட்டலம் நிறைய என் மடியில் இருந்தன. அம்மா என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தாள். எனக்குக் கூச்சமாக இருந்தது.

"ரொம்ப வலிச்சுதாடி?" என்றாள், குரல் உடைந்து.

"அந்தக் கண்ணு வலிக்கவே வலிக்காதும்மா" என்றேன், அவளைச் சமாதானப்படுத்த.

அவள் என் கண்ணைப் பார்க்கவேயில்லை. குனிந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.