கெட்டி ஸ்பிரிங் போட்ட பம்பு

எங்கள் பழைய வாடகைக் காரின் பின்பக்கம், டாங்கிக்குப் பக்கத்தில், கரண்டில் ஓடும் சின்னப் பெட்ரோல் பம்பு ஒன்று இருந்தது. சாவியைத் திருப்பினால் டக்டக்கென்று அடிக்கும். என் வீட்டுக்காரருக்குக் காது மந்தம். காலையில் அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சொல்வது என் வேலை.

சாரல் காலம் முழுக்கத் தென்காசி ரயிலடியிலிருந்து குற்றாலத்துக்கு ஆள் ஏற்றுவோம். எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்தவர்கள் ஈரத்தோடு உட்காருவார்கள் என்று சீட்டில் பழைய சேலை விரிப்பேன். தினமும் அதை அலசி அலசியே என் இடுப்பு போனது. அந்தச் சாரலை ஓட்டி முடித்தால் கடன் அடைந்து கார் எங்களுக்கே நிற்கும். இல்லாவிட்டால் அதை விற்றுவிட்டு அவர் மறுபடி ஊரான் லாரிக்குப் போகவேண்டும்.

ஐந்தருவி ஏற்றத்தில் கார் திணற ஆரம்பித்தது. செங்கோட்டை மெக்கானிக் வந்து பார்த்தார்.

“பம்புல தப்பில்ல அண்ணாச்சி. பெட்ரோல் வார வழியில அடைப்பு. டாங்கிய இறக்கணும், ரெண்டு நாள் ஆவும்.”

எனக்குப் பொறுக்கவில்லை. தெருவிலேயே முதலில் பம்பு ஸ்டவ் வாங்கியவள் என்ற திமிர்.

“ஸ்டவ்வு மங்குனா இன்னும் நாலு அடி அடிக்கோம்லா தம்பி? இதுக்கும் வேகத்தக் கூட்டுங்க.”

“கெட்டி ஸ்பிரிங் போட்டா பெட்ரோல் முட்டித் தள்ளும் மதினி. ஆனா பம்பு சீக்கிரம் செத்துப்போவும்.”

“சாரல் முடியட்டும், பொறவு சாவட்டும்.”

“மெக்கானிக்கு அவனா நீயாட்டி?” என்று இவர் சிரித்தார். ஆனாலும் போடச் சொன்னார்.

கார் நன்றாக ஏறியது. நானும் தலை நிமிர்ந்து நடந்தேன். பத்து நாளில் சத்தம் மாறியது. மூட்டை தூக்குகிறவன் முக்குவது போல நெட்டி நெட்டி அடித்தது. தொட்டால் சுட்டது.

“ஏட்டி, எப்படி அடிக்கு?”

“நல்லாத்தான் அடிக்கு,” என்றேன். சொன்ன வாயை மாற்ற மனம் வரவில்லை.

அதிலிருந்து நாலாம் நாள் இலஞ்சிப் பக்கம், ஆட்களோடு கார் நின்றது. பம்புக்குள் கரண்டு தொட்டு விடும் பாயிண்டு கரிந்து கிடந்தது. டாங்கி வலையில் நூல் பிசிறு. பெட்ரோல் ஊற்றும்போது வடிகட்ட நான் கிழித்துக் கொடுத்த கோடித் துணியின் நூல்தான் அடைத்திருந்தது.

“அன்னைக்கே சொன்னேன்லா,” என்று மெக்கானிக் என்னைப் பார்த்தார்.

“நாந்தாம்லே போடச் சொன்னேன்,” என்றார் இவர்.

மதுரையிலிருந்து புதுப் பம்பு வருவதற்குள் சாரல் நின்றுவிட்டது. காரை வாங்க வந்தவர் சாவியைத் திருப்பினார்.

“எப்படி அடிக்கு?” என்று இவர் வழக்கம்போல என்னைத்தான் கேட்டார்.

“நல்லாத்தான் அடிக்கு,” என்றேன். இந்தத் தடவை சொன்னது நிஜம்.