ஸ்டேஷன் ஒண்ணு குடுங்க

இரண்டு வருடத்துக்கு முன்பு, சம்பா அறுவடை முடிந்த சமயம். மயிலாடுதுறையில் மருந்துக்கடை வேலையை முடித்துவிட்டு, மத்தியானம் தரங்கம்பாடி போகும் தனியார் பஸ்ஸில் ஏறினேன். எங்கள் ஊர் அந்த வழியில்தான். "ஸ்டேஷன் ஒண்ணு குடுங்க தம்பி" என்று கண்டக்டரிடம் பணத்தை நீட்டினேன். ஆள் புதுசு, கையில் டிக்கெட் மெஷின்.

"எந்த ஸ்டேஷன்? போலீஸ் ஸ்டேஷனா?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஊருக்கு ரயில் நின்றுபோய் ஒரு தலைமுறை ஆகிவிட்டது. லைனை மூடி, தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பிளாட்பாரத்தில் கொஞ்சமும், டிக்கெட் கொடுத்த அறையில் ஒரு சுவரும்தான் மிச்சம். அறுப்புக் காலத்தில் பிளாட்பாரத்தில் நெல் காயப்போடுவோம், மற்ற நாளில் ஆடு படுத்திருக்கும். ஆனாலும் பஸ் நிற்கும் இடம் எங்களுக்கு ஸ்டேஷன்தான்.

விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் முன் சீட்டில் இருந்த பெரியவர் முந்திக்கொண்டார். எங்கள் ஊர்ப் பெரிய தெருக்காரர். "காலனி ஸ்டாப் சார். அதைத்தான் சொல்லுது."

கண்டக்டர் மெஷினைத் தட்டிப் பார்த்தார். "ஆமா, காலனின்னுதான் இருக்கு."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. எங்கள் பக்கத்தில் காலனி என்றால் சும்மா ஒரு தெருப்பெயர் இல்லை. சாதியைச் சொல்லாமல் சொல்லுகிற வார்த்தை அது. அதற்கு முன்னால் சாதிப் பெயரைச் சொல்லியே எங்கள் தெருவைக் கூப்பிட்டார்கள். ரயில் வந்த பிறகு எங்கள் ஆட்கள் சிலருக்குத் தண்டவாள வேலை கிடைத்தது. அவர்கள் விலாசம் எழுதும்போது ஸ்டேஷன் தெரு என்று எழுத ஆரம்பித்தார்கள், தபால்காரரும் மறுபேச்சில்லாமல் கொண்டுவந்து கொடுத்தார். யாரும் கொடுத்த பெயர் இல்லை, நாங்களே எடுத்துக்கொண்டது. ரயில் போனதும் பெரிய தெருவுக்கு மட்டும் அது மறந்துபோய்விட்டது.

இந்தப் பெரியவர் மறந்தது வேண்டுமென்றே. அதே பிளாட்பாரத்தில் நின்று அவர் வண்டி ஏறியதைச் சின்னப்பிள்ளையில் பார்த்தவள் நான். விடுவேனா? "நீங்க காலேஜுக்கு வண்டி ஏறினது காலனியிலயா, ஸ்டேஷன்லயாங்க?" என்று கேட்டேன். நாலு பேர் சிரித்தார்கள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கண்டக்டருக்கு எரிச்சல். "இல்லாத ஸ்டேஷனுக்கு நான் எப்படிம்மா டிக்கெட் தர்றது? காலனின்னு சொன்னா என்ன கொறைஞ்சு போச்சு?"

"அந்த டிக்கெட் எனக்கு வேணாம். தரங்கம்பாடிக்கே குடுங்க."

கடைசி ஸ்டாப் வரைக்கும் டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் தெரு நெருங்கியதும் படிக்கட்டுப் பக்கம் போய், "ஸ்டேஷன் எறங்கணும்" என்றேன். அவர் விசில் அடிக்கவில்லை.

"காலனின்னு சொல்லுங்க, நிக்கும்."

அதே பஸ்ஸில் என் எதிர்வீட்டு அக்காவும் இருந்தார். முட்டிவலிக்காரர். வம்பு எதற்கென்று காலனி டிக்கெட்டையே வாங்கியிருந்தார். அதைக் காட்டினால் பஸ் நின்றிருக்கும். அவராவது இறங்கிக்கொள்ளட்டும் என்று நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. அக்கா மெதுவாக எழுந்து வந்து, என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஸ்டேஷன்தான் எறங்கணும்" என்றார்.

பஸ் எங்கள் தெருவைத் தாண்டிப் போனது. என் வீட்டுக் கொடியில் காய்ந்த துணிகூடத் தெரிந்தது.

அடுத்த ஸ்டாப்பில் இறங்கி உச்சி வெயிலில் திரும்பி நடந்தோம். அக்கா வழிநெடுக என்னைத் திட்டினார். "முட்டி உனக்கா வலிக்குது? வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கமாட்டியே."

"நீங்க எறங்கியிருக்கலாம்லக்கா?"

"எங்கப்பா அந்த லைனுக்குக் கல்லு கொட்டுனவருடி. அவன்கிட்ட போயி நான் காலனின்னு கெஞ்சணுமா?" கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "நாளைக்கும் இப்படித்தான் தாண்டி விடுவான்" என்றார்.

"விடட்டும்க்கா."

"விடட்டும்."

பொழுது சாய்வதற்குள் விஷயம் தெரு முழுக்கப் பரவிவிட்டது. சந்தை நாளில் அதே பஸ்ஸில் பாதி வண்டி எங்கள் தெருப் பெண்கள். ஒருத்தர் விடாமல் "ஸ்டேஷன் ஒண்ணு" என்று கேட்டார்கள். இல்லையென்றதும் ஒருத்தர் விடாமல் தரங்கம்பாடி டிக்கெட் வாங்கினார்கள். தெரு வந்ததும் கூடையும் பையுமாக மொத்தப் பேரும் எழுந்து "ஸ்டேஷன் எறங்கணும்" என்றோம். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார், ஊதவில்லை.

டிரைவர்தான் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "ஸ்டேஷன் வந்துருச்சுல்ல, சொல்லி எறக்கி விடுப்பா. நான் சோத்துக்குப் போகணும்."

"ஸ்டேஷன் எறங்குறவங்க எறங்குங்க" என்றார் கண்டக்டர். குரலே எழும்பவில்லை, ஆனால் சொன்னார். அக்கா படியில் நின்று, "சரியா காதுல விழல தம்பி, இன்னொரு தடவ சொல்லு" என்று கேட்டு, இன்னொரு தடவை சொல்ல வைத்துத்தான் இறங்கினார்.

மெஷினில் இன்னும் அந்தப் பெயர்தான் இருக்கிறது. மாற்றச் சொல்லி ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குகிறோம். அது மாறுகிற வரைக்கும் ஸ்டேஷன் என்றுதான் கேட்போம், மாறிய பிறகும் அப்படித்தான் கேட்போம். தண்டவாளத்தைப் பிடுங்கியபோது எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெயரைப் பிடுங்க வேண்டுமென்றால் எங்களைக் கேட்டுத்தான் ஆகவேண்டும், நாங்கள் தருவதாக இல்லை.