கர்சீப் போட்ட சீட்

நம் செல்களின் மேல் ஏற்பி என்றொரு புரதம் இருக்கிறது. வைரஸ் அதில் வந்து உட்கார்ந்தால்தான் உள்ளே நுழைய முடியும். அது வருவதற்கு முன்பே அந்த இடத்தைப் பிடித்துவைக்கும் ஆன்டிபாடியைத்தான் திருப்பதியில் ஓர் ஆய்வகத்தில் வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று எங்கள் மேடம் அதன் படத்தைக் கணினியில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஷேப் கரெக்டா பொருந்துது. ஆனா பிடிமானம் இல்ல. லேசா ஆட்டினா கழண்டுடும்."

எரிச்சலோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். நகரி பஸ்ஸில் ஒரே கூட்டம். ஜன்னல் வழியாகக் கர்சீப்பை வீசி ஒரு சீட்டைப் பிடித்தேன்.

முண்டியடித்து ஏறிப் பார்த்தால், அங்கே ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார்.

"அது நான் கர்சீப் போட்ட சீட்டுக்கா."

"உன்னுதாம்மா? கீழ வுழுந்துடப் போவுதேன்னு எடுத்து மடியில வெச்சிக்கினு கீறேன்."

கையை நீட்டினேன். தரவில்லை.

"நின்னுக்கினு வர்றே, எங்கனா வுட்டுடுவே. எறங்கசொல்ல வாங்கிக்க."

நகரி வரை நான் நின்றேன். கர்சீப் உட்கார்ந்து வந்தது.

ஆட்டினாலும் கழலாத பொருள் ஏதாவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். பஸ்ஸுக்குத்தான் கேட்கிறேன். மேடத்திடமும் காட்டுவேன்.