மூன்றாவது இலக்கம்

நோபேட் அண்ணனுக்குக் கேம் விளையாடத் தெரியாது. இதைச் சொன்னால் அந்தக் காலத்து மட்டக்களப்புப் பெடியன்கள் ஒருவரும் நம்பமாட்டார்கள். கொழும்பில் வாங்கினாலும் சரி, கட்டாரிலிருந்து மச்சான் கொண்டுவந்தாலும் சரி, கணினித் திரைக்குப் படம் வரைகிற கிராஃபிக்ஸ் காட் என்றால் அது முதலில் அவருடைய கணினிக் கடைக்குத்தான் போகும். அவர் மூன்று கேம் ஓட்டிப் பார்த்து, பெட்டியில் ஒரு பிளாஸ்டர் துண்டை ஒட்டி, அதில் மூன்று இலக்கம் எழுதிக் கொடுத்தால்தான் அது காட். எழுதாவிட்டால் வெறும் தகரம்.

நான் பக்கத்துக் கடை. பெயர் சுதாகரன், தொழில் போட்டோ ஸ்ரூடியோ. களுவாஞ்சிக்குடியிலிருந்து வந்து 2006இல் கடையைத் திறந்தேன். நோபேட் அண்ணனின் கதையைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஏன் இல்லை என்பதும் இதற்குள்தான் இருக்கிறது. ஆனால் நடந்ததைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

அவர் சோதிக்கிற விதமே தனி. முதலாவது கேம் மழைக்குள் ஓடுகிற கார். மழைத்துளி விழ விழக் காட்டுக்கு வேலை கூடும் என்பார். காரை ஓட்டத் தெரியாமல் ஒவ்வொரு முறையும் அதே மதிலில் கொண்டுபோய் முட்டுவார். பின்னால் நிற்கும் பெடியன்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். அவர் காரைப் பார்ப்பதே இல்லை. திரையின் மூலையில் துள்ளிக்கொண்டிருக்கும் இலக்கத்தைத்தான் பார்ப்பார். காட் ஒரு விநாடிக்கு எத்தனை படம் வரைகிறது என்பதுதான் அந்த இலக்கம். முப்பதுக்குக் கீழே போனால் கார் விக்கி விக்கி ஓடும். அறுபதைத் தாண்டினால் தண்ணீரில் போவதுபோல் வழுக்கிக்கொண்டு போகும். இரண்டாவது, சனம் நிறைந்த மைதானத்தில் உதைபந்தாட்டம். மூன்றாவது யுத்தம். காடு, புகை, குண்டு, ஓடுகிற ஆட்கள். கிராஃபிக்ஸ் காட்டை உண்மையில் பிழிந்தெடுப்பது அதுதான்.

யுத்தத்தைச் சத்தம் அணைத்துத்தான் ஓட்டுவார். ஒருநாள் அணைக்க மறந்துபோனார். ஒரு நிமிடத்தில் சந்தியில் இருந்த கடைகளெல்லாம் சட்டரை இழுத்துவிட்டன. தேத்தண்ணிக் கடை மஜீட் நானா மேசைக்குக் கீழே படுத்துக்கிடந்தார். விஷயம் தெரிந்ததும் நோபேட் அண்ணனை அவர் திட்டிய திட்டு இன்றும் என் காதில் இருக்கிறது. நாங்கள் சிரித்தோம். அந்த வருடங்களில் சிரிக்கக் கிடைத்தவை இப்படிப்பட்டவைதான்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. பலமான கணினி கடையில் ஒன்றே ஒன்றுதான். மூன்றாவது கேமுக்கு முன்னால் அதை நிறுத்திவிட்டு, பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கின் வயரைப் பிடுங்கி வெளியே போடுவார். கேம் முடிந்து காட்டையும் கழற்றிய பிறகு பழையபடி கொழுவுவார். ஒருநாளும் தவறியதில்லை.

"என்ன அண்ணன், பூசையா?" என்று பகிடி பண்ணுவேன்.

"ஓம்கா, பூசதான்" என்பார்.

அந்த டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று 2007இல் ஒருநாள் அவராகவே சொன்னார். அவர் நாவலடி ஆள். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடந்த அந்த மணல் துண்டில்தான் வீடு. மனைவி எமிலி, ஒரே மகள் டினுஷா, ஒன்பது வயது. 2004இல் கிறிஸ்து பிறந்த நத்தார்த் திருநாளுக்கு முதல் நாள் புதுச் சட்டையோடு பாலன் குடிலுக்குப் பக்கத்தில் மகளை நிறுத்திப் பதினொரு படம் எடுத்திருக்கிறார். கமராவில் இடம் போதவில்லை என்று அன்றைக்கே கடைக்குக் கொண்டுவந்து கணினியில் ஏற்றினார். நத்தார் முடிந்த மறுநாள் ஞாயிறு காலை ஒரு வாடிக்கைக்காரர் காட் ஒன்றைச் சோதிக்க வரச்சொல்லி நச்சரித்ததால் தோணி ஏறி ரவுனுக்கு வந்தார். அதனால்தான் உயிரோடு இருக்கிறார். எமிலியக்காவைச் சுனாமி அலை ஒரு தென்னையில் கொண்டுபோய் மோதியது. கையில் இருந்த பிள்ளை கையில் இல்லை. வீடு, அல்பம், கமரா, சுவர் எல்லாம் போய்விட்டன. டினுஷாவின் உடல் கிடைக்கவில்லை.

மகளின் முகம் இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த டிஸ்க்கில் மட்டும்தான். யுத்தக் கேமில் கரண்டு கொடுக்கிற பவர் சப்ளை வெடித்தால் கொழுவியிருக்கிற டிஸ்க்கும் எரியும் என்றுதான் அந்தப் பூசை.

"படத்தக் கழுவி அச்சடிச்சு வைக்கலாமே அண்ணன்? நான் சும்மா கழுவித் தாறன்" என்றேன்.

"எமிலி விடாள், சுதா. படத்தக் கழுவினா மறுகா சட்டம் போடணும், சட்டம் போட்டா மால போடணும். பிள்ளைய நாமளே சாகக்குடுத்த மாதிரிப் போகுமெண்டு அழுகிறாள். நான் கையில அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டன், அவள் சொல்லுமட்டும் அந்தப் படத்தத் தொடமாட்டனெண்டு."

அவர் சொன்னது எனக்கு விளங்கியது. சுனாமிக்குப் பிறகு இந்த ஊர் ஸ்ரூடியோக்களுக்குக் கழுவ வந்ததெல்லாம் மாலைக்கான படங்கள்தான். அடையாள அட்டைப் படத்தைக்கூடப் பெருப்பித்துக் கேட்டு வந்தார்கள். எமிலியக்காவுக்கோ மகள் உயிரோடு இருக்கிறாள். அலையில் தப்பிய சில பிள்ளைகளை யாரோ வடக்கே வன்னிப் பக்கம் கொண்டுபோனார்கள் என்று யாரோ ஒருத்தி சொல்லிவிட்டாள். சொன்னவளுக்கு அன்றைக்கே அது மறந்திருக்கும். எமிலியக்கா ஐந்து வருடம் அதைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

எமிலியக்காவுக்குத் தெரியாமல் ஒரு சீ.டீ.யிலாவது போட்டு வைக்கலாம் என்று நான் இரண்டு தரம் சொன்னேன். கடைக்கு வருகிற எல்லோருக்கும் "எதயும் ரெண்டு இடத்தில வையுங்க" என்று படிப்பிக்கிற மனிதர், தன் மகளை ஒரே இடத்தில் வைத்திருந்தார். அந்தக் கோப்பைத் திறக்கவே அவரால் முடியவில்லை. நானும் விட்டுவிட்டேன். எனக்கென்ன, என் பிள்ளையா?

2009 மே மாதம் எனக்கு ஒரு காட் வந்தது. செங்கல் அளவு, இரண்டு காற்றாடி, கொழும்பில் வாங்கியது. கலியாண வீடியோ வேலைக்கு என்று வீட்டில் சொல்லியிருந்தேன். பொய். எனக்கு விளையாட வேண்டியிருந்தது. முப்பத்திரண்டு வயதில், நாடு பற்றியெரிந்துகொண்டிருந்தபோது, எனக்குப் பெரிய திரையில் கார் ஓட்ட வேண்டியிருந்தது.

பிழை என்றால் ஏழு நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். ஏழாம் நாள் காட் கொழும்பில் நிற்க வேண்டும் என்றால் மறுநாள் காலை வான் வண்டியில் கொடுத்துவிட வேண்டும். நான் காட்டைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனது வன்னியில் யுத்தம் முடிந்துவிட்டது என்று அறிவித்த நாள்களில் ஒன்று. தெருவில் காலையிலிருந்து வெடி கொளுத்திக்கொண்டிருந்தார்கள்.

நோபேட் அண்ணன் காட்டைக் கையில் எடுத்து நிறை பார்த்தார். "இது குடிக்கிற கரண்டுக்கு எண்ட பவர் சப்ளை தாங்காது, சுதா. வெள்ளிக்கிழம புதுசு வருது. அப்ப பாப்பம்."

"வெள்ளிக்கிழம பாத்து என்ன செய்யிற? நாளைக்கு வான் போகுது அண்ணன். பழுதெண்டா எண்ட காசு போச்சு."

"பவர் சப்ளை போனா?"

"போனா நான் வாங்கித் தாறன். என்ன, நோபேட்டுக்கும் பயம் வந்திட்டா?"

அந்தக் கடைசி வார்த்தையை நான் சொல்லியிருக்கக்கூடாது. தன் மூன்று இலக்கத்தில் அவருக்கு ஒரு பெருமை உண்டு என்று தெரிந்துதான் சொன்னேன். சிரித்துக்கொண்டு காட்டைக் கொழுவினார். மழைக் காருக்கு எண்பத்தெட்டு. மைதானத்துக்கு எழுபத்துமூன்று. இரண்டையும் பிளாஸ்டரில் எழுதினார். கணினியை நிறுத்தினார். பக்கத் தகட்டைக் கழற்றிக் கையை உள்ளே விட்டார்.

அந்த நேரம் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. யாரென்று தெரியாத இரண்டு பேர்.

"கடக்காரர், கொடி எங்க? எல்லாக் கடையும் கட்டியாச்சு."

நோபேட் அண்ணன் கையை வெளியே எடுத்தார். அவரிடம் தேசியக் கொடி இல்லை. என்னிடம் இரண்டு இருந்தன. முன்கூட்டியே வாங்கி வைத்த புத்திசாலி நான். ஓடிப்போய் ஒன்றைக் கொண்டுவந்தேன். அவர் கதிரையில் ஏறிப் பெயர்ப்பலகை ஆணியில் அதைக் கட்டினார். முடிச்சு விழ மூன்று தரம் அவிழ்த்துக் கட்ட வேண்டியிருந்தது. எமிலியக்கா அன்றைக்கெல்லாம் வீட்டில் வானொலிக்குப் பக்கத்தில் மகள் பெயரைச் சொல்லிச் சொல்லிச் செபம் பண்ணிக்கொண்டிருந்தார் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். நோபேட் அண்ணனுக்கு அப்போதே தெரியும். மோட்டார் சைக்கிள்காரர் போகுமட்டும் கதிரையிலேயே நின்றார்.

இறங்கி வந்து முகத்தைத் துடைத்தார். மேசைக்கு முன்னால் இருந்தார்.

"எங்க விட்டன்?" என்று என்னிடம் கேட்டார்.

"மூண்டாவது கேம் அண்ணன். போடுங்க" என்றேன்.

வயர் கொழுவியபடியே இருந்ததை நான் பார்த்தேனா? பார்த்திருப்பேன். தகடு திறந்துதான் கிடந்தது. ஆனால் என் கண் முழுக்க என்னுடைய காட்டில்தான் இருந்தது.

காடும் புகையும் சத்தமில்லாமல் ஓடின. நாற்பத்தெட்டு, ஐம்பத்தைந்து, அறுபத்தொன்று. அறுபத்தொன்றில் அப்படியே நின்றது. "எப்படிப் போகுது பாருங்க!" என்று நான் துள்ளினேன். பிறகு பட் என்று ஒரு சத்தம். வெளியே வெடி என்றுதான் நினைத்தேன். திரை கறுத்தது. எரிந்த வாசம் வந்தது.

அவர் பவர் சப்ளையைப் பார்க்கவில்லை. காட்டைப் பார்க்கவில்லை. குனிந்து அந்த வயரைத் தொட்டார். தொட்ட கையை எடுக்காமல் கனநேரம் அப்படியே இருந்தார். தெருவில் யாரோ வெற்றிக்குப் பாற்சோறு பங்கிட்டுக்கொண்டு போனார்கள். எங்களுக்கும் ஒரு துண்டு வைத்துவிட்டுப் போனார்கள்.

டிஸ்க்கை இரண்டு தரம் கொழும்புக்கு அனுப்பினார். இரண்டு தரமும் ஒன்றும் எடுக்க முடியாது என்று திரும்பி வந்தது. அதை ஒரு தகரப் பிஸ்கட் ரின்னுக்குள் வைத்து மேல் தட்டில் ஏற்றினார். எமிலியக்காவிடம் சொல்லவில்லை. என்னோடு சண்டை பிடிக்கவும் இல்லை. ஒருநாள் கன்னத்தில் இரண்டு அறை விட்டிருந்தால் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன். அவர் செய்தது வேறு. காட்டைத் துடைத்துப் பெட்டியில் போட்டு, பிளாஸ்டரில் மூன்றாவது இலக்கத்தையும் எழுதி, என் கடைக்குக் கொண்டுவந்து தந்தார்.

"உண்ட காட்டில பிழயில்ல, சுதா."

நான் வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் ஒரு காட்டையும் சோதிக்கவில்லை. கேட்டு வந்தவர்களிடம் இப்ப அது செய்யிறதில்லை என்று மட்டும் சொன்னார். ஃபோனுக்கு ரீலோட் விற்றார், தட்டச்சுச் செய்துகொடுத்தார்.

எமிலியக்கா அந்த வருடம் ஒரு கன்னியாஸ்திரியோடு இரண்டு தரம் வவுனியாவுக்குப் போய்வந்தார். வன்னிச் சனம் இருந்த முகாம் முகாமாய், பட்டியல் பட்டியலாய்ப் பார்த்தார். பதினாலு வயதுப் பிள்ளைகளின் முகத்தையெல்லாம் பிடித்துத் திருப்பிப் பார்த்தாராம். டிசம்பர் நடுவில் ஒருநாள் காலை என் ஸ்ரூடியோவுக்குள் வந்தார். கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு சட்டம். நல்ல மரம், கண்ணாடி போட்டது.

"தம்பி, இதுக்குள்ள வைக்கிற மாதிரி ஒரு படம் கழுவித் தாங்க. அவரிட கொம்பியூட்டர்ல இரிக்கி. பதினொண்டு இரிக்கி, நல்லது ஒண்ட நீங்களே பாத்து எடுங்க." தாளைப் பிரித்துச் சட்டத்தைக் காட்டிச் சொன்னார்: "அவள் இல்ல தம்பி. இருபத்தாறாந்திகதிக்கு மால போடணும். அஞ்சு வருசமாப் பிள்ளைக்கு ஒரு பூ வைக்க விடல்ல நான்."

"அண்ணனக் கேப்பம் அக்கா" என்று பக்கத்துக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதுகூடப் பொறுப்பைத் தள்ளிவிடுகிற வேலைதான்.

சட்டத்தைக் கண்டவுடனே நோபேட் அண்ணனுக்கு விளங்கிவிட்டது. எழுந்து பிஸ்கட் ரின்னை இறக்கி, டிஸ்க்கை எடுத்து மேசையில் வைத்தார்.

"எரிஞ்சு போச்சு, எமிலி. மே மாசம். ஒரு காட்டச் சோதிக்கக்குள்ள. வயரக் கழட்ட மறந்திட்டன்."

எமிலியக்கா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. டிஸ்க்கைக் கையில் எடுத்து, முன்னும் பின்னும் பிரட்டிப் பார்த்தார். அதில் ஒன்றும் தெரியாது. எந்தப் பக்கம் பிரட்டினாலும் இரும்புதான்.

"ஆருட காட்?"

நான் கதவோரம் நின்றேன். நோபேட் அண்ணன் என்னை ஒருதரம்கூடப் பார்க்கவில்லை.

"ஆரோ ஒரு பெடியன். தெரியாது."

நான்தான் என்று சொல்ல வாய் எடுத்தேன் என்று எழுத ஆசை. எடுக்கவில்லை.

எமிலியக்கா டிஸ்க்கைத் திரும்ப ரின்னுக்குள் வைத்து மூடினார்.

"அந்தக் காட்டுக்கு என்ன ஆச்சு?"

"அதுக்கு ஒண்டும் ஆகல்ல" என்றார் நோபேட் அண்ணன். "அறுபத்தொண்டு. நல்லா ஓடிச்சு."